சூத்திரம் தெரிந்தும் விடை தப்பும்: உருளை, கோளக் கணக்குகளில் பட்டுத் தெரிந்துகொண்டவை

உருளையின் கனஅளவு ‘பை’ × ஆரத்தின் வர்க்கம் × உயரம். கோளத்தினுடையது 4/3 × பை × ஆரத்தின் முப்படி. இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்யவேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான். அதனால்தான் எளிய பாடம் என்று நம்பி உள்ளே போகிறோம். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்குகளில் பாதி, புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்போகாமல் நிற்கும்போதுதான் சங்கதி தெரியும். சூத்திரம் சரி, பெருக்கலும் சரி, விடை மட்டும் தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லாமல் தனியாகப் படிப்பவருக்கு இது கொடுக்கும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பெருக்கலில்தான் பிழை இருக்கும் என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதில் நேரம் கரைந்துபோகும். பிழை பெரும்பாலும் சூத்திரத்தை எழுதுவதற்கு முன்பே நடந்திருக்கும், அல்லது எழுதி முடித்த பிறகு நடந்திருக்கும். எந்தெந்த இடத்தில் நடக்கும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதி நேரம் மிஞ்சியிருக்கும் என்பதால்தான் இதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதல் இடறல் விட்டம். கணக்கில் பெரும்பாலும் விட்டத்தைத்தான் கொடுப்பார்கள். ஒரு குழாயையோ பந்தையோ கையில் எடுத்து அளந்தால் கிடைப்பது விட்டம்தானே. ஆரத்தை நேராக அளக்க வேண்டுமென்றால் மையம் எங்கே என்று முதலில் தெரியவேண்டும். சூத்திரமோ ஆரத்தைக் கேட்கிறது. விட்டம் 14 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள உருளைக்கு 22/7 × 7 × 7 × 10 = 1540 க.செ.மீ. அவசரத்தில் 14-ஐயே ஆரமாகப் போட்டால் 6160 வந்துவிடும், சரியாக நான்கு மடங்கு. கோளத்தில் ஆரம் மூன்று தடவை பெருக்கப்படுவதால் அதே தவறு எட்டு மடங்காகும். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. விடை ஒத்துவராதபோது, உங்கள் விடையைப் பின்பக்க விடையால் வகுத்துப் பாருங்கள். 4 அல்லது 8 வந்தால் விட்டத்தை ஆரமாக எடுத்திருக்கிறீர்கள். 2 வந்தால் அரைக்கோளத்தை முழுக்கோளமாக எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். 3 வந்தால் எங்கோ ஒரு கூம்பின் 1/3 விடுபட்டிருக்கும். 10, 100, 1000 என்று வந்தால் அலகில் கோளாறு. மொத்தக் கணக்கையும் மறுபடி போடுவதைவிட இந்த ஒரு வகுத்தல் எவ்வளவோ மேல். ஆனால் கோளாறே வராமலிருக்க வழி வேறு: வாசிக்கும்போதே ‘விட்டம்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, பக்கத்திலேயே ஆரத்தை எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகவேண்டும். பிறகு பாதியாக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் நிச்சயம் மறக்கும். சுற்றளவு கொடுத்திருந்தாலும் அப்படித்தான். 44 செ.மீ. என்றால் அதை 2 × 22/7-ஆல் வகுத்து 7 என்று உடனே எழுதிவிடுங்கள்.

அடுத்தது அலகு. 1 மீட்டர் 100 செ.மீ. என்பது எல்லோருக்கும் தெரியும். கன மீட்டரைக் கன செ.மீ. ஆக்கும்போதும் கை தானாக 100-ஆல் பெருக்கிவிடுகிறது. பெருக்கவேண்டியது 100 × 100 × 100, அதாவது 10 லட்சம். அதோடு 1 லிட்டர் 1000 க.செ.மீ., 1 கன மீட்டர் 1000 லிட்டர் என்ற இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் போதும். எல்லா நீளங்களையும் சூத்திரத்துக்குள் போடும் முன்பே ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. கடைசியில் கனஅளவை மாற்றப்போனால் எத்தனை சைபர் என்று தடுமாற்றம் வரும். ஒரு கணக்கைப் பாருங்கள். 6 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளத்தை உருக்கி, 4 மி.மீ. விட்டமுள்ள கம்பியாக இழுக்கிறார்கள். கம்பியின் நீளம் என்ன? கம்பியும் ஓர் உருளைதான், படுத்திருக்கும் உருளை. அதன் நீளத்தைத்தான் சூத்திரம் உயரம் என்று சொல்கிறது. கோளத்தின் பக்கம் 4/3 × 6 × 6 × 6 = 288. கம்பியின் விட்டம் 4 மி.மீ., ஆரம் 2 மி.மீ., அது 0.2 செ.மீ., அதன் வர்க்கம் 0.04. 288-ஐ 0.04-ஆல் வகுத்தால் 7200 செ.மீ., அதாவது 72 மீட்டர். இப்போது மி.மீ.-ஐ மாற்றாமல் 2 என்றே போட்டவருக்கு என்ன வரும்? 288 ÷ 4 = 72. இலக்கங்கள் அப்படியே இருக்கின்றன! விடைப்பக்கத்தில் 72 என்று பார்த்ததும் சரி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். அவருடைய 72 செ.மீ., புத்தகத்தினுடையது மீட்டர். இப்படி ஒளிந்துகொள்ளும் பிழைதான் மோசமானது. 12 செ.மீ. அகலமுள்ள ஓர் உலோக உருண்டையில் 4 மி.மீ. கம்பி 72 செ.மீ. மட்டும்தான் கிடைக்குமா என்று ஒரு கணம் யோசித்தால் அது மாட்டிக்கொள்ளும்.

அந்தக் கணக்கில் ‘பை’-யை நான் தொடவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உருக்குதல், ஊற்றுதல், மூழ்குதல் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் ‘பை’ வரும், அடித்துவிடலாம். முதல் வரியிலேயே 3.14-ஐப் போட்டுப் பெருக்கத் தொடங்குகிற பழக்கம்தான் இந்தப் பாடத்தில் மிக அதிகமான நேரத்தைத் தின்கிறது, பிழையையும் அதுவே கொண்டுவருகிறது. அந்தக் கம்பிக் கணக்கையே அப்படிப் போட்டால் கோளத்தின் கனஅளவு 904.32, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.1256. இந்த இரண்டாவதை 0.13 என்று முழுமையாக்கிவிட்டால் நீளம் சுமார் 69.6 மீட்டர் என்று வரும். ஒரு சின்ன முழுமையாக்கலில் இரண்டு மீட்டருக்கு மேல் கம்பி காணாமல் போகிறது. ஆகவே கடைசி வரி வரைக்கும் ‘பை’ ‘பை’-யாகவே இருக்கட்டும். கடைசியில் போடும்போது 22/7-ஆ 3.14-ஆ என்ற கேள்வி வரும். கணக்கிலேயே சொல்லியிருந்தால் அதுதான். சொல்லவில்லையென்றால் 7, 14, 21, 3.5, 10.5 போன்ற எண்கள் கண்ணில் பட்டால் 22/7. 5, 10, 20 என்று இருந்தால் 3.14. உண்மையான மதிப்பைவிட 22/7 சுமார் 0.04 சதவீதம் கூடுதல், 3.14 சுமார் 0.05 சதவீதம் குறைவு. மேலே சொன்ன 14-க்கு 10 உருளைக்கு 22/7 போட்டால் 1540, 3.14 போட்டால் 1538.6, கால்குலேட்டரின் ‘பை’ பொத்தானை அழுத்தினால் 1539.4. மூன்றும் சரிதான். இந்த அளவு வேறுபாட்டைப் பார்த்துக் கணக்கையே அடித்துவிட்டு மறுபடி தொடங்கத் தேவையில்லை.

பெருக்கும் வரிசையும் முக்கியம். ஆரம் 21 செ.மீ. உள்ள கோளத்துக்கு 21-ஐ மூன்று முறை பெருக்கி 9261 என்று கண்டுபிடித்து, அதை 22-ஆலும் 4-ஆலும் பெருக்கி, பிறகு 21-ஆல் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். பகுதியில் இருக்கும் 3-ம் 7-ம் சேர்ந்து 21 என்பதால் ஒரு 21-ஐ அப்படியே அடித்துவிடலாம். மிச்சம் 4 × 22 × 21 × 21 = 88 × 441 = 38808. பெருக்கலுக்கு முன் அடித்தல், எப்போதும். விரித்துப் பெருக்கிய எண்ணை மறுபடி சுருக்குவது இரட்டை வேலை.

விடை நம்பும்படி இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. கோளம் கச்சிதமாக அடங்கும் ஒரு கனசதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் கோளத்தின் விட்டம். அந்தக் கனசதுரத்தில் கோளம் நிரப்புவது சுமார் 52.4 சதவீதம், பாதிக்குச் சற்று மேல். 42-இன் முப்படி 74088, பாதி 37044. நமக்கு வந்தது 38808, சரிதான். 22/7 பயன்படுத்துகிறவர்கள் விட்டத்தின் முப்படியை 11/21-ஆல் பெருக்கினால் கனஅளவே கிடைத்துவிடும். உருளை, தன்னைச் சூழும் சதுரப் பெட்டியில் சுமார் 78.5 சதவீதத்தை நிரப்பும். இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு மனக்கணக்காகவே விடையின் அளவைப் பிடித்துவிடலாம்.

கோளத்துக்கு ஏன் 4/3 என்று மறந்துபோகிறவர்களுக்கு ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்த உறவைவிட நல்ல நினைவுக்குறிப்பு கிடையாது. கோளத்தை இறுக்கமாகச் சூழும் உருளையின் உயரம் இரண்டு ஆரம், அதனால் கனஅளவு 2 × பை × ஆரத்தின் முப்படி. கோளம் அதில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு, ஆக 4/3. அதே அடியும் உயரமும் கொண்ட கூம்பு மூன்றில் ஒரு பங்கு. கூம்பு, கோளம், உருளை 1 : 2 : 3. இந்தக் கண்டுபிடிப்பைத் தன் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்று ஆர்க்கிமிடீஸ் விரும்பியதாகச் சொல்வார்கள். கி.மு. 75-இல் சிசிலியில் அதிகாரியாக இருந்த ரோமானியப் பேச்சாளர் சிசெரோ, புதர் மூடிக் கிடந்த அந்தக் கல்லறையை மேலே இருந்த கோளத்தையும் உருளையையும் வைத்துத்தான் அடையாளம் கண்டார். இது எல்லோருக்கும் எளிதில் வசப்பட்ட விஷயமும் அல்ல. 499-இல் ஆரியபட்டர் கொடுத்த விதி, வட்டத்தின் பரப்பை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறது. அது சரியான விடையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாகக் காட்டும். சதுரத்திலிருந்து கனசதுரத்துக்குப் போகிற வழி அது, கோளத்துக்குப் பொருந்தாது. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் புறப்பரப்பை விட்டத்தால் பெருக்கி 6-ஆல் வகுக்கச் சொன்னார், அது சரி. இந்த விதி நமக்கும் உதவும். கோளத்தின் புறப்பரப்பு 4 × பை × ஆரத்தின் வர்க்கம் என்பதையும் கனஅளவையும் குழப்பிக்கொள்கிறவர்கள், புறப்பரப்பை ஆரத்தால் பெருக்கி 3-ஆல் வகுத்தால் கனஅளவு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மையத்தில் முனை கொண்ட எண்ணற்ற சின்னக் கூம்புகளாகக் கோளத்தைப் பார்த்தால் அந்த 3 எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கிவிடும்.

உருக்கும் கணக்குகளுக்குத் திரும்புவோம். இவற்றில் மாறாமலிருப்பது கனஅளவு ஒன்றுதான். ஆரம் கூடிக்கொள்ளாது, புறப்பரப்பும் அப்படியே நிற்காது. 3, 4, 5 செ.மீ. ஆரமுள்ள மூன்று கோளங்களை உருக்கி ஒன்றாக்கினால் புதிய ஆரம் 12 என்று எழுதுகிற கை உண்டு. 27 + 64 + 125 = 216, அதன் கனமூலம் 6. கூட்டவேண்டியது முப்படிகளை. 4/3-ம் ‘பை’-யும் இரண்டு பக்கமும் இருப்பதால் எழுதவே வேண்டாம். அதேபோல் 12 செ.மீ. ஆரமுள்ள கோளத்திலிருந்து 2 செ.மீ. ஆரமுள்ள குண்டுகள் எத்தனை கிடைக்கும் என்றால், ஆரங்களின் விகிதம் 6, அதன் முப்படி 216, முடிந்தது. மொத்தப் புறப்பரப்பு எவ்வளவு மாறியது என்று தொடர்கேள்வி கேட்டால், அது 6 மடங்கு கூடியிருக்கும். ஒவ்வொரு குண்டின் பரப்பும் பழையதில் 36-இல் ஒரு பங்கு, குண்டுகள் 216.

சேர்ந்த உருவங்களில் படம் வரையாமல் இறங்கக்கூடாது. இரண்டு முனையிலும் அரைக்கோளம் ஒட்டிய உருளை, மருந்துக் குப்பியின் (கேப்ஸ்யூல்) உருவம், அடிக்கடி வருவது. மொத்த நீளம் 20 செ.மீ., விட்டம் 6 செ.மீ. என்று கொடுப்பார்கள். உருளைப் பகுதியின் நீளம் 20 இல்லை, 17-ம் இல்லை. இரண்டு பக்கமும் ஆரம் போனால் 14. கனஅளவு 9 × 14 பை, அதோடு இரண்டு அரைக்கோளங்கள் சேர்ந்த ஒரு முழுக்கோளத்தின் 36 பை, ஆக 162 பை, சுமார் 509 க.செ.மீ. மொத்த நீளத்திலிருந்து விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, அதையே உருளையின் உயரமாக எடுத்தாலும் இதே விடை வரும்: 9 × 18 = 162. சரிபார்க்க அருமையான வழி. ஒரு முனையில் மட்டும் அரைக்கோளம் இருந்தால் இந்தக் குறுக்குவழியை அப்படியே போடாதீர்கள். அங்கே ஆரத்தின் மூன்றில் ஒரு பங்கு கழியும். இன்னொன்று, கனஅளவுகளைக் கூட்டலாம், மொத்தப் புறப்பரப்புகளைக் கூட்டக்கூடாது. ஒட்டிய வட்டங்கள் உள்ளே மறைந்துவிடுவதால் வளைபரப்புகளை மட்டும் கூட்டவேண்டும்: 84 பை + 36 பை = 120 பை. வண்ணம் பூசவேண்டிய பரப்பு கேட்டால் இது, உள்ளே கொள்ளும் அளவு கேட்டால் முன்னது. கேள்வியின் கடைசிச் சொல்லை வாசிக்காமல் கனஅளவு கண்டுபிடித்து மதிப்பெண் இழப்பது பரிதாபம்.

உள்ளீடற்ற உருவங்களில் இரண்டு வலைகள். தடிமன் 1 செ.மீ. என்றால் ஆரத்தில் 1 குறையும், விட்டத்தில் 2 குறையும். வெளிவிட்டம் 16 செ.மீ., தடிமன் 1 செ.மீ., நீளம் 1 மீட்டர் உள்ள குழாயில் வெளி ஆரம் 8, உள் ஆரம் 7 (15-ஐப் பாதியாக்கி 7.5 அல்ல). உலோகத்தின் கனஅளவுக்கு 64 − 49 = 15; இதையும் 15 × 1 என்று, கூட்டலையும் வித்தியாசத்தையும் பெருக்கியே எழுதுவது வேகம். 15 × 100 பை = 1500 பை, சுமார் 4714 க.செ.மீ. இரண்டாவது வலை, முதலில் கழித்துவிட்டுப் பிறகு வர்க்கம் போடுவது. அப்போது 15 இருக்கவேண்டிய இடத்தில் 1 வரும், மொத்த உலோகமும் ஆவியாகிவிடும். உள்ளீடற்ற கோளத்துக்கும் இதேதான்: வெளி ஆரம் 6, உள் ஆரம் 5 என்றால் 216 − 125 = 91, கனஅளவு 4/3 × 22/7 × 91, சுமார் 381.3. இதைச் சரிபார்க்க, நடு ஆரமான 5.5-இல் புறப்பரப்பைக் கண்டு தடிமனால் பெருக்குங்கள். 4 × 30.25 பை = 121 பை; உண்மை விடை 121.33 பை. தடிமன் ஆரத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் இது போதுமான அளவு நெருங்கும். குழாயில் இந்த நடு ஆர வழி துல்லியமான விடையையே தந்துவிடும்.

குழாயில் நீர் ஓடும் கணக்கு பலரைத் திணறடிப்பதற்கு ஒரே காரணம், உருளை எங்கே இருக்கிறது என்று கண்ணில் படாததுதான். ஒரு விநாடியில் குழாயிலிருந்து வெளியே வரும் நீர், வேகத்தின் நீளம் கொண்ட ஓர் உருளை. உள்விட்டம் 2 செ.மீ. உள்ள குழாயில் மணிக்கு 7.2 கி.மீ. வேகத்தில் நீர் வருகிறது, 40 செ.மீ. ஆரமுள்ள உருளைத் தொட்டியில் அரை மணியில் எவ்வளவு உயரும்? 7.2 கி.மீ. என்பது விநாடிக்கு 2 மீட்டர், 200 செ.மீ. அரை மணியில் 1800 விநாடி, ஆக நீர் உருளையின் நீளம் 3,60,000 செ.மீ. ஆரம் 1. தொட்டியில் 1600 × உயரம் = 3,60,000, உயரம் 225 செ.மீ. தொட்டியின் உயரம் அதைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தால் வழிந்துவிட்டது என்று பொருள், அதையும் பாருங்கள். கிணறு தோண்டி மண்ணைச் சுற்றிலும் மேடாகப் போடும் கணக்கும் இதே இனம். 4 மீட்டர் விட்டம், 10.5 மீட்டர் ஆழம், சுற்றிலும் 3 மீட்டர் அகலத்துக்கு மேடு. தோண்டிய மண் 4 × 10.5 = 42 (பை-யை விட்டுவிட்டேன்). மேட்டின் வெளி ஆரம் 3 அல்ல, 2 + 3 = 5. 25 − 4 = 21. உயரம் 2 மீட்டர்.

கனஅளவைக் கொடுத்து ஆரம் கேட்டால் தசமத்தில் இறங்காதீர்கள். கோளத்தின் கனஅளவு 4851 க.செ.மீ., ஆரம் என்ன? 4851 × 21/88 என்று பின்னமாகவே எழுதுங்கள். 4851 என்பது 11 × 441. 11-ஐ அடித்தால் 441 × 21/8, அதாவது 21-இன் முப்படி கீழே 2-இன் முப்படி. ஆரம் 10.5. தசமமாக்கியிருந்தால் 1157.625 என்ற எண்ணுக்குக் கனமூலம் தேடி விழித்துக்கொண்டிருப்போம். 1 முதல் 12 வரை முப்படிகளை மனப்பாடமாக வைத்திருந்தால் இந்த வகை முழுவதும் கைக்குள் வந்துவிடும்.

ஒரு செவ்வகத் தாளைச் சுருட்டி உருளையாக்கும் கணக்கில் எந்தப் பக்கம் சுற்றளவாகிறது என்பதே எல்லாம். 44-க்கு 22 தாளில் 44 சுற்றளவானால் கனஅளவு 3388, 22 சுற்றளவானால் 1694. குட்டையான, அகலமான உருளைதான் அதிகம் கொள்ளும், ஏனென்றால் ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரே முறை. ஆரம் 10 சதவீதம் கூடி உயரம் 10 சதவீதம் குறைந்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடாது, 1.21 × 0.9 = 1.089, 8.9 சதவீதம் கூடும்.

‘எத்தனை’ என்று முடியும் கேள்வியில் தசமம் வந்தால் எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று கேள்விதான் சொல்லும். 6 செ.மீ. ஆரமுள்ள அரைக்கோளக் கிண்ணம் நிறைய திரவம், 1.5 செ.மீ. ஆரமும் 5 செ.மீ. உயரமும் உள்ள குப்பிகளில் ஊற்றவேண்டும். 144 ÷ 11.25 = 12.8. எத்தனை குப்பி தேவை என்றால் 13, எத்தனை நிரம்பும் என்றால் 12.

கடைசியாக, மூழ்கும் பந்து. 6 செ.மீ. ஆரமுள்ள உருளைப் பாத்திரத்தில் நீர் இருக்கிறது, 3 செ.மீ. ஆரமுள்ள உலோகப் பந்தை உள்ளே போட்டால் நீர்மட்டம் எவ்வளவு உயரும்? 4/3 × 27 = 36, அதை 36-ஆல் வகுத்தால் 1 செ.மீ. கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும், பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இந்த விடை பந்து முழுக்க மூழ்கினால் மட்டும்தான் செல்லும். பந்தின் உயரம் 6 செ.மீ., ஆகவே கடைசி நீர்மட்டம் 6-ஐ எட்டவேண்டும், அதாவது முதலில் குறைந்தது 5 செ.மீ. நீர் இருந்திருக்கவேண்டும். முதலில் 4 செ.மீ.தான் இருந்தது என்றால் 4 + 1 = 5, பந்தின் உச்சி வெளியே நிற்கிறது; மூழ்காத பகுதி நீரைத் தள்ளாது, அதனால் உயர்வு 1-க்கும் குறைவு. அப்போது நீர்மட்டத்தை ‘ம’ என்று வைத்துக்கொண்டால், மூழ்கிய கோளத்துண்டின் கனஅளவு பை × ம² × (9 − ம) ÷ 3. அதை 36 பை × (ம − 4)-க்குச் சமமாக்கித் தீர்த்தால் ம சுமார் 4.91 வரும், உயர்வு 0.91. பள்ளிக் கணக்குகளில் ‘முழுவதும் மூழ்கியது’ என்று எழுதியிருப்பார்கள்; அந்த இரண்டு சொற்கள் இல்லாத கணக்கில், கடைசி மட்டம் பந்தின் விட்டத்தை எட்டுகிறதா என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விடையைக் கட்டத்துக்குள் போடவேண்டும்.